மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

வாசிக்க: அப்போஸ்தலர் 18:18–28, மாற்கு 3:1–6





ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது உங்களில் பலர் ஜெபக் குறிப்புகளைச் சொல்லுவீர்கள். சுகவீனம், பிள்ளைகளின் தேர்வு, கம்பெனியில் ஒப்பந்தம் முடிகிற நாள் என்று அவை அமையும். சில மாதங்களாக அவற்றோடு இன்னொரு குறையும் சேர்ந்து வருகிறது. "ஐயா, கம்ப்யூட்டரை அப்டேட் செய்தோம். அதற்குப் பிறகு மவுஸ் சொன்னபடி கேட்கவில்லை." கல்லூரியில் படிக்கும் மகனுக்காக ஒரு தகப்பனார் கேட்டார். சுங்குவார்சத்திரத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரர் கேட்டார். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை செய்யும் சகோதரி கண்ணீரோடு கேட்டார்கள். ஒருவர் கண்ணீர் விடுகிற காரியம் எதுவானாலும் அது தியானத்துக்கு உரியதே. ஆகையால் இந்த வாரம் மவுஸையும் டச்பேடையும் குறித்து உங்களோடு பேசுகிறேன்.

இந்தக் குறை இப்போது பெருகியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29 அன்று வெளிவந்தது. பத்தாண்டுகள் எண்ணற்ற மேசைகளில் உழைத்தபின், 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. ஆகவே அலுவலகங்களும் பள்ளிகளும் வீடுகளும் விண்டோஸ் 11-க்கு மாறின. பழைய கணினி புதியதைத் தாங்காத இடங்களில் கணினியையே மாற்றினார்கள். நம்முடைய பகுதிக்கு இதில் தனியான ஒரு உறவும் உண்டு. 2007 முதல் டெல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் கணினிகளைக் கூட்டி அனுப்பிவருகிறது. உலகம் பயன்படுத்தும் எத்தனையோ கணினிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளின் விரல்கள் பட்டிருக்கின்றன. அதே கணினியின் முன் உட்கார்ந்து, "என் விரலுக்கு ஒன்றும் வரவில்லை" என்று நம்மவர் ஒருவர் கலங்குவதும் இங்கேதான் நடக்கிறது.

அப்டேட்டுக்குப் பின் உண்மையில் என்ன நேருகிறது என்று முதலில் பார்ப்போம்.

டச்பேடின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் ஓடுகின்றன. உங்கள் விரல் அருகே வரும்போது அந்த வலையில் இருக்கும் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு விரல் எங்கே இருக்கிறது என்று ஒரு சிப் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை இயங்குதளத்துக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொல்ல நடுவே ஒரு சிறிய மென்பொருள் நிற்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். மவுஸுக்கும் அவ்வாறே.

டிரைவர் என்றவுடன் நமக்கு கம்பெனி பஸ் நினைவுக்கு வரும். நல்லது, அந்த உவமையே போதும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரிசையாக வரும். ஒரு நாள் வழக்கமான டிரைவருக்குப் பதிலாகப் புதியவர் ஒருவர் வருகிறார். பஸ் நல்ல பஸ்தான். சாலையும் நல்ல சாலைதான். டிரைவரும் ஓட்டத் தெரிந்தவரே. ஆனால் எந்த ஆலமரத்தடியில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நிறுத்தத்தில் நிற்கிற பெண் கையைக் காட்டுகிறாள். பஸ் நிற்காமல் போய்விடுகிறது. கையைக் காட்டியதில் என்ன பிழை? ஒன்றும் இல்லை. இயங்குதளம் மாறும்போது, அந்தக் கணினியின் டச்பேடை நன்கு அறிந்த பழைய டிரைவர் போய், எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒன்று வந்து உட்காருவது உண்டு. அல்லது பழைய டிரைவரே இருந்து, புதிய வழி தெரியாமல் தடுமாறுவதும் உண்டு. விரல் சரியாகவே இருக்கும். கணினியும் சரியாகவே இருக்கும். நடுவே நிற்பதுதான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சில காரியங்களை எழுதுகிறேன். பெரியவர்கள் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கணினியை ஒருமுறை முழுவதும் அணைத்து மறுபடி இயக்குங்கள். மவுஸ் இல்லாமலும் கணினியை நடத்தலாம். விண்டோஸ் கீயையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். டேப் கீயும் அம்புக்குறிக் கீகளும் உங்களை இடத்துக்கு இடம் கொண்டுபோகும். என்டர் கீ கதவைத் திறக்கும்.

இரண்டாவது, விசைப்பலகையின் மேல்வரிசையில் டச்பேடின் சிறு படம் போட்ட கீ ஒன்று பல லேப்டாப்களில் இருக்கும். அதைத் தவறிப்போய்த் தொட்டாலே டச்பேட் உறங்கிவிடும். எஃப்.என். கீயோடு சேர்த்து அதை மறுபடி அழுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்ற பகுதிக்குள் டச்பேட் என்று இருக்கும். மவுஸ் இணைத்திருக்கும்போது டச்பேட் வேலை செய்யவேண்டுமா, தட்டினால் கிளிக் ஆகவேண்டுமா, இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் மேலே போகவேண்டுமா கீழே போகவேண்டுமா என்பவை அங்கே உள்ளன. அப்டேட்டுக்குப் பின் இவை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது, டிவைஸ் மேனேஜரில் டச்பேடின் டிரைவரைப் பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்கிறது. இல்லையெனில் லேப்டாப் செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கம்பியில்லா மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதன் சிறிய ரிசீவரை ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்தில் வைக்காதேயுங்கள். யு.எஸ்.பி. 3.0 கருவிகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012-இலேயே விளக்கியிருக்கிறது.

ஆறாவது நம்முடைய ஊர்களுக்கு மிகவும் பொருந்தியது. சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் கர்சர் தானாகத் துள்ளுகிறதா? லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கர்சர் அடங்கிவிட்டால் கோளாறு சுவரில் இருக்கலாம். பிளக்பாயின்ட்டுக்கு எர்த்திங் சரியாக இல்லாதபோது, கசிந்து வரும் சிறு மின்சாரத்தை டச்பேட் விரல் என்று எண்ணிக்கொள்ளும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சகோதரியின் காரியத்துக்கு வருகிறேன். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரையும் கம்பெனியையும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் ஸ்டோரில் வேலை செய்கிறார்கள். எந்த ரேக்கில் எந்த போல்ட் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். நிரந்தரப் பணி அல்ல, ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிற வேலை. பழைய மேசைக் கணினியில் மவுஸை வைத்துப் பதிவு செய்து பழகியவர்கள். கம்பெனி எல்லாவற்றையும் புதியதாக்கியபோது அவர்கள் மேசைக்கு ஒரு லேப்டாப் வந்தது. அன்றுமுதல் கர்சர் துள்ளியது. பக்கத்தைக் கீழே இழுத்தால் அது மேலே போனது. ஒரு பெட்டிக்குப் பதிலாக இன்னொரு பெட்டியின் எண் பதிவாகி, லைனுக்குத் தவறான உதிரிபாகம் போயிற்று. இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாம் முறை மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் இனிமேல் வராது" என்றார். அருகிலிருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு லேப்டாப்பைத் தம் பக்கம் இழுத்துத் தாமே பதிவை முடித்தார்.

"திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை" என்று அந்தச் சகோதரி சொன்னார்கள். அந்த வாரமெல்லாம் வீட்டில் தங்கள் வலதுகை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நடுங்குகிறதோ, நரம்புத் தளர்ச்சியோ, மருத்துவமனைக்குப் போகவேண்டுமோ என்ற பயம்.

பிரியமானவர்களே, இந்தப் பயம் நம் பகுதிக்குப் புதியதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று அது நின்றுபோனது. வரி வழக்கு உட்படப் பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் உலகம் பட்டன் போனை விட்டுத் தொடுதிரைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நாம் மறக்கவில்லை. தேர்ந்த விரல்களோடு ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆகவே இந்தச் சாலையோரத்தில் அப்கிரேட் என்ற சொல்லைக் கேட்டால், அடுத்து மாற்றப்படுவது நானோ என்று ஒரு தாய் நினைப்பது அளவுக்கு மிஞ்சிய பயம் அல்ல. கையில் இருக்கும் மவுஸ் தடுமாறும்போது அவள் கேட்கிற கேள்வி மவுஸைப் பற்றியதல்ல. "நான் இன்னும் வேண்டியவளா?" என்பதே அவளுடைய கேள்வி.

அந்தச் சகோதரிக்கு உதவி எங்கிருந்து வந்தது? டிப்ளமோ முடித்து அப்ரென்டிஸாக வந்திருந்த ஒரு இளம்பெண். சாப்பாட்டு இடைவேளையில் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்கள் செய்யுங்கள், நான் பார்க்கிறேன்" என்றாள். லேப்டாப்பைத் தொடவில்லை. சற்று நேரம் பார்த்தபின், "சார்ஜரைக் கழற்றுங்கள் அக்கா" என்றாள். கர்சர் அடங்கியது. அந்த மேசைக்கு வந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் இல்லை. பிறகு செட்டிங்ஸைத் திறக்கும் வழியைச் சொன்னாள். மவுஸின் சக்கரத்தில் பழகிய கைக்கும், செல்போனைப் போல் இழுக்கவேண்டிய டச்பேடுக்கும் திசை எதிரெதிராக இருக்கிறது என்று விளக்கினாள். எந்தத் திசை வேண்டும் என்பதைச் சகோதரியே தெரிந்துகொள்ளும்படி விட்டாள். இரண்டு இடைவேளைகளில் காரியம் முடிந்தது. விரலில் ஒரு நோயும் இல்லை.

இந்தத் திசைக் குழப்பத்தில் படித்தவர்களும் விழுந்ததுண்டு. 2011 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் லயன் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டபோது, பக்கம் நகரும் திசையை மாற்றிவிட்டது. அதற்கு ‘இயல்பான ஸ்க்ரோலிங்’ என்று பெயரும் வைத்தது. பழைய திசையில் பழகிய பயனர்களுக்கு அந்த ‘இயல்பு’ இயல்பாகவே இல்லை. சிலர் பழகிக்கொண்டார்கள், சிலர் செட்டிங்ஸில் போய்ப் பழைய திசைக்கே மாற்றிக்கொண்டார்கள். ஒரு கை ஒரு திசையில் பழகியிருப்பது அறியாமைக்கு அடையாளம் அன்று. அது பல ஆண்டு உழைப்பின் அடையாளம்.

இப்போது வேத பகுதிக்கு வருவோம். ஒரகடத்தில் அப்போலோ என்றால் டயர் தொழிற்சாலைதான் நமக்கு நினைவுக்கு வரும். அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவன். வேதவாக்கியங்களில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன். எபேசுவுக்கு வந்து ஜெப ஆலயத்தில் தைரியமாய்ப் பேசினான். ஆனால் ஒரு குறை. யோவான் கொடுத்த ஞானஸ்நானத்தோடு அவன் அறிவு நின்றிருந்தது. அதற்குப் பின் தேவன் செய்த பெரிய காரியங்களின் முழு விவரம் அவனுக்கு வந்து சேரவில்லை. நம் காலத்துப் பேச்சில் சொன்னால், அவனுடைய பதிப்பு பழையது.

ஜெப ஆலயத்தில் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டார்கள். இவர்கள் யார்? ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு இராயன் கட்டளையிட்டதால் இத்தாலியாவை விட்டு வந்தவர்கள். கூடாரம் செய்கிற தொழிலாளிகள். கொரிந்துவில் பவுல் இவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, கையால் உழைத்து, வாடகை வீட்டில் சபையைக் கூட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு முன்னோடி இந்தத் தம்பதியர். ரோமர் 16:3-இலும் 2 தீமோத்தேயு 4:19-இலும் பவுல் மனைவியின் பெயரையே முதலில் எழுதுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

அப்பொல்லோவின் பேச்சில் குறை இருப்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, "ஐயா, உமக்கு முழுவதும் தெரியவில்லை" என்று எல்லார் முன்பாகவும் சொல்லியிருக்கலாம். பேச்சை நிறுத்தி, அந்த இடத்தில் ஆக்கில்லாவே பேசத் தொடங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவனைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விவரித்துக் காண்பித்தார்கள்.

இந்த வசனத்தின் கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் நம் கவனத்துக்கு உரியவை. ‘சேர்த்துக்கொண்டார்கள்’ என்பதற்கு லூக்கா பயன்படுத்தும் வினைச்சொல்லையே பவுல் ரோமர் 15:7-இல் பயன்படுத்துகிறார். கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல் நாமும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்கிற வசனம் அது. ஆகவே பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் செய்தது வெறும் பாடம் நடத்துதல் அல்ல. முதலில் வரவேற்பு, பிறகு பாடம். இரண்டாவது, ‘திட்டமாய்’ என்கிற சொல். 25-ஆம் வசனத்தில் அப்பொல்லோ ஏற்கெனவே திட்டமாய்ப் போதகம்பண்ணினான் என்று இருக்கிறது. 26-ஆம் வசனத்தில் அதே சொல்லின் மேற்படி வடிவம் வருகிறது, ‘அதைவிடத் திட்டமாய்’ என்று. அவன் அறிந்திருந்தது பொய் என்று யாரும் சொல்லவில்லை. அறிந்ததை வைத்துக்கொண்டே மேலே கட்டினார்கள். பழையதை அழித்துவிட்டு ஏற்றுகிற அப்டேட் அல்ல அது.

அதன் பலன் என்ன? அப்பொல்லோ அகாயாவுக்குப் போய் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தான். கொரிந்துவில் தாம் நட்டதற்கு நீர்ப்பாய்ச்சினவன் அப்பொல்லோ என்று பவுலே பின்னர் எழுதுகிறார். எபேசுவில் அந்த நாளில் சபையார் நகைத்து அவனை உட்காரவைத்திருந்தால், கொரிந்துவின் நாற்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்? அந்த அப்ரென்டிஸ் பெண் அப்போஸ்தலருடைய நடபடிகளை வாசித்தவளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவள் செய்தது பிரிஸ்கில்லாளின் ஊழியமே.

நம்முடைய ஆண்டவர் செய்ததையும் பாருங்கள். மாற்கு 3-ஆம் அதிகாரத்தில், சூம்பின கையையுடைய ஒரு மனுஷன் ஜெப ஆலயத்தில் இருந்தான். அது வலதுகை என்று லூக்கா குறிப்பிடுகிறார். உழைக்கிற கை. அங்கிருந்தவர்களில் சிலருக்கு அவன் ஒரு வழக்குக்கான சாட்சிப்பொருள் மாத்திரமே. ஓய்வுநாளில் இயேசு என்ன செய்கிறார் பார்ப்போம் என்று நோக்கமாயிருந்தார்கள். ஆண்டவரோ அவனை எழுந்து நடுவே நிற்கச் சொன்னார். பிறகு அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கையை நீட்டும்படி அவனுக்கே சொன்னார். எதைச் செய்ய அவனால் கூடாதோ அதையே அவன் செய்யும்படி கேட்டார். நீட்டினான், கை சொஸ்தமாயிற்று. சுகம் கொடுத்தவர் கர்த்தர். நீட்டின கை அவனுடையது. அவன் கையை அவனுக்கே திரும்பக் கொடுத்ததில்தான் அந்த அற்புதம் நிறைவாகிறது.

இன்னொரு செய்தியையும் உங்கள் முன் வைக்கிறேன். விண்டோஸ் 10 விடைபெற்ற அதே 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 11-க்கு ஒரு அப்டேட் வெளிவந்தது. அதை ஏற்றிய கணினிகளில் அன்றாட வேலைக்கு மவுஸும் விசைப்பலகையும் ஒழுங்காகவே இயங்கின. ஆனால் கணினி பழுதானால் சரிசெய்வதற்கென்று ஒரு தனி அறை உண்டு, மீட்புச் சூழல் என்று அதற்குப் பெயர். அந்த அறைக்குள் போனால் யு.எஸ்.பி. மவுஸும் யு.எஸ்.பி. விசைப்பலகையும் செயலற்றுப்போயின. மீட்புக்கான வழிகளெல்லாம் திரையில் வரிசையாகத் தெரியும், எதையும் தொட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. மைக்ரோசாப்ட் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு, அக்டோபர் 20 அன்று தனியாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை அந்த அறையில் வேலை செய்தவற்றுள் ஒன்று, வட்டமான முனையுள்ள பி.எஸ். 2 இணைப்பில் செருகும் பழைய காலத்து மவுஸ்.

இதை வாசித்தபோது நம் சபையைக் குறித்து யோசித்தேன். எல்லாம் நலமாயிருக்கும்போது இங்கே கைகள் நன்றாக வேலை செய்கின்றன. பாடுகிறோம், காணிக்கை கொடுக்கிறோம், விருந்து பரிமாறுகிறோம். ஒருவர் உடைந்துபோய் வரும்போதும் அப்படி இருக்கிறதா? ஆறுதல் வசனங்களெல்லாம் சுவரில் அழகாக எழுதியிருக்கின்றன. ஆனால் வேலை போன வாலிபனுக்கு, சிரிப்புக்கு ஆளான தாய்க்கு, அவற்றில் ஒன்றையாவது எட்டித்தொட வழி உண்டா? மீட்புக்கென்று கட்டப்பட்ட அறையில் கை எட்டாமற்போவது எவ்வளவு பெரிய துயரம்! அப்படிப்பட்ட நேரத்தில் நமக்குப் பயன்படுவது ஒருவேளை சபையில் நாம் பழையவர் என்று ஓரமாக வைத்திருக்கும் ஒரு பாட்டியின் ஜெபமாக இருக்கலாம். வட்ட முனை மவுஸைத் தூக்கி எறிந்துவிடாதேயுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வாலிபரே, உங்கள் தாய் தகப்பனோ, கூட வேலை செய்யும் அக்காவோ அண்ணனோ கணினியின் முன் தடுமாறும்போது, மவுஸை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடாதேயுங்கள். உங்களுக்கு அது பத்து விநாடி வேலை என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து விநாடியில் அவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்: "என்னால் ஆகாது." அதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும். பக்கத்தில் உட்காருங்கள். சொல்லுங்கள். பொறுங்கள். மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

தடுமாறுகிற பெரியவர்களே, கையைக் குற்றப்படுத்துமுன் நடுவே நிற்பதைப் பாருங்கள். டிரைவரைப் பாருங்கள், செட்டிங்ஸைப் பாருங்கள், சுவரில் உள்ள எர்த்திங்கைப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதேயுங்கள். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோ, கூடாரத் தொழிலாளிகளின் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான். அது அவனுக்குச் சிறுமை ஆகவில்லை. அதேசமயம் ஓர் எச்சரிப்பு. "உங்கள் கணினியில் கோளாறு, நாங்கள் தூரத்திலிருந்தே சரிசெய்கிறோம், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று முகமறியாதவர் போனில் அழைத்தால் இணங்காதேயுங்கள். அப்படித் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்களின் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடப்படுவதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஏமாந்துபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் மவுஸை அந்நியன் கையில் கொடுப்பது உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் சகோதரரே, புதிய கணினிக்கு நீங்கள் கணக்குப் போடும்போது, அதைக் கற்றுக்கொள்ளும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். கர்சர் துள்ளுகிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய வயதைக் கேட்குமுன் பிளக்பாயின்ட்டைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஒரு சிரிப்பு இன்னொருவர் வீட்டில் எத்தனை இரவுத் தூக்கத்தை எடுத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கர்த்தருக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை தொடங்கி நான்கு வாரங்கள், பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, சபை மண்டபத்தில் நம் வாலிபர் சிலர் இருப்பார்கள். இரண்டாம் ஷிப்ட் உள்ளவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வரலாம். லேப்டாப்பையும் சார்ஜரையும் மவுஸையும் கொண்டுவாருங்கள். கட்டணம் இல்லை. மண்டபத்தின் எர்த்திங்கைச் சரிபார்த்துவிட்டோம். வாலிபருக்கு ஒரே ஒரு விதி கொடுத்திருக்கிறேன். அது என்னவென்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சகோதரி இப்போதும் அதே மேசையில் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் மறுபடியும் புதுப்பிக்கப்படுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. உங்கள் ஜெபத்தில் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயிற்றுவிக்கத் தொடங்கியிருக்கும் இன்னொரு காரியத்தையும் சொல்லுகிறேன். அந்த அப்ரென்டிஸ் பெண்ணுக்கு, எந்த ரேக்கில் எந்த போல்ட் இருக்கிறது, எதை எதோடு கலந்துவிடக்கூடாது என்று இடைவேளைகளில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஜெபிப்போம்.

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கைகளை நீர் உண்டாக்கினீர். எந்திரங்கள் மாறினாலும் உம்முடைய பார்வையில் எங்கள் மதிப்பு மாறாததற்காக உம்மைத் துதிக்கிறோம். தடுமாறுகிற கைகளைப் பரியாசம் பண்ணாதபடி எங்கள் வாயைக் காத்தருளும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற பொறுமையை எங்கள் வாலிபருக்கும், தாழ்மையோடு கேட்டுக்கொள்ளுகிற மனதை எங்கள் பெரியவர்களுக்கும் தாரும். இந்தச் சாலையோரத்துத் தொழிற்சாலைகளில் நாளை என்ன ஆகுமோ என்று கலங்குகிற ஒவ்வொருவருக்கும் வேலையையும் சமாதானத்தையும் கட்டளையிடும். தேவனுக்கும் எங்களுக்கும் நடுவே மத்தியஸ்தராய் நிற்கிற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்